இறக்கத்தில் கழன்ற கியர்

ஏற்காடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் எல்வினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நீயும் கீர்த்திகாவும் குழந்தையும் அங்கே சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், இந்த முறை கை வரவில்லை. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மிளகு இந்த வருஷம் பரவாயில்லை, காப்பித் தோட்டத்தில் காட்டெருமை மிதித்தது போக மிச்சம் நமக்கு. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

கார் சரியாகிவிட்டது. போன மழைக்காலத்திலிருந்து நம் அம்பாசிடருக்கு என்ன வியாதி என்று உனக்கே தெரியும், மலை இறங்கும்போது இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். ஒண்டிக்கடை மெக்கானிக் சிவக்குமார் பல்சக்கரத்தை மாற்றினான், ஸ்பிரிங்கை மாற்றினான், ஒன்றும் அடங்கவில்லை. அதனால் முன்சீட்டில் உட்காருகிறவர் கியர் ராடை அழுத்திப் பிடித்துக்கொள்வது நம் வீட்டில் பழக்கமாகிப் போனது. அப்படி ஓட்டியது தப்பு, அப்பாவே ஒத்துக்கொள்கிறார். அந்த நிலையில் அவர் வெளியாள் யாரையும் ஏற்றவில்லை, நம்மைத்தான் ஏற்றினார். ஜனவரியில் உன்னைச் சேலத்தில் ரயிலேற்ற இறங்கினோமே, அன்றைக்கு ராடைப் பிடிக்க வேண்டியவன் நீ. பனிமூட்டத்தை வீடியோ எடுக்க நீ கையை எடுத்ததைப் பின்சீட்டிலிருந்து இந்தக் கண்ணால் பார்த்தேன். கியர் கழன்று வண்டி பிய்த்துக்கொண்டு ஓடியது, அப்பா மலைப்பக்கத்துக் காவாயில் சாய்த்து நிறுத்தியதால் நாம் மூன்று பேரும் பிழைத்தோம். நெற்றியில் தையலோடு அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே நீ ரயிலிலிருந்து சொந்தக்காரர் குரூப்பில் போட்டாய், அப்பா பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினார், இனி யாரும் அவரை நம்பி ஏறாதீர்கள் என்று. நம் மலையில் ஓட்டுகிறவர்களைத் திருடன் என்று சொன்னால்கூட சண்டை போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். பெட்ரோல் காசுக்காக ஏறியவர்கள் உயிரைப் பணயம் வைத்து நியூட்ரலில் இறக்குகிறவன் என்று சொல்லிவிட்டால் அதோடு அந்த ஆளின் பேர் போச்சு. அது தெரியாமலா இங்கே பிறந்து வளர்ந்தாய்?

அப்பா யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. கியர்பாக்ஸை இறக்கிப் போட்டபோது சிவக்குமாரிடம் மட்டும், ஏறும்போது நிக்குது சாமி, எறங்கும்போதுதான கழலுது, பல்லுல கோளாறுன்னா ரெண்டு பக்கமும் கழலோணும், கூட்டைப் பாரு என்று சொன்னார். கூடு என்றால் உள்ளிருக்கும் சக்கரங்களையும் தண்டையும் தாங்குகிற வெளிப்பெட்டி. தண்டின் முனையிலுள்ள பேரிங் அதில் இறுகி உட்கார வேண்டுமாம். சிவக்குமார் விரலால் தள்ளினான், அது கூட்டுக்குள் தாராளமாகச் சுற்றியது. பேரிங் உட்காரும் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. முன்பு எவனோ பேரிங்கை இறுக்குவதற்காகத் துளையைச் சுற்றிக் கூர் உளியால் குத்தி வைத்திருக்கிறான், அதனால் துளை இன்னும் சீக்கிரம் தேய்ந்திருக்கிறது. இறக்கத்தில் சக்கரம் இன்ஜினைத் தள்ளும்போது தண்டு சாய்ந்து கியர் நழுவும் என்று அவன் எனக்கு விளக்கினான். சேலத்தில் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் துளையைப் பெரிதாகக் கடைந்து, இரும்பு வளையம் ஒன்றை இறுக்கி ஏற்றி, பேரிங் அளவுக்குத் திரும்பக் கடைந்து வந்தார்கள். சிவக்குமார் அடிவாரம் வரை இரண்டாவது கியரிலேயே இறக்கிப் பார்த்தான், ராடை யாரும் தொடவில்லை, கழலவும் இல்லை. அப்பா அவனோடு போகவில்லை.

நம் பங்குக் கோயிலுக்குக் கல்யாணப் பெண்ணை அழைத்து வருவது அப்பாவின் வெள்ளைக் கார்தான், கீர்த்திகாவும் அதில்தான் வந்து இறங்கினாள். போன வாரம் ஜோஸ்லினுக்குக் கல்யாணம். அவள் அப்பா ஜாபெஸ் வீட்டுக்கு வந்து, ஏனுங்கண்ணா, காரு மட்டும் குடுங்க, ஓட்டறதுக்கு ஆளை நாங்களே கூட்டியாந்துக்கறோம், நொம்பக் கோவிச்சுக்காதீங்க, எல்வினே எழுதியிருந்தானுங்களே என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்பா வண்டியைக் கழுவித் துடைத்து சாவியைக் கொடுத்தார். கோயில் வாசலில் கார் வந்து நின்றதும் கதவைத் திறந்துவிட நாலு எட்டு வைத்தார், அதற்குள் அந்தப் புது டிரைவர் திறந்துவிட்டான். அப்பா திரும்பி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பூசை முடியும்வரை நான் அவர் பக்கம் பார்க்கவே இல்லை, பார்த்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

எனக்கு நீ பணம் அனுப்ப வேண்டாம், சேலை வேண்டாம், கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்ற பேச்சும் வேண்டாம். எந்தக் குரூப்பில் எழுதினாயோ அதே குரூப்பில், நான்தான் கையை எடுத்தேன் என்று எழுது. நான் எழுதியிருப்பேன், அவர்தான் விடவில்லை, பையன் பேர் கெட்டுப்போகும் என்கிறார். உன் பேரை அவர் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் எல்வின்.

குளிர் காலம், குழந்தைக்குக் காதை மூடிவிடச் சொல். வேளைக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே. உனக்கும் கீர்த்திகாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். அப்பாவின் ஆசீர்வாதத்தை நான் எழுதி அனுப்புவதாக இல்லை. அதை அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
அற்புதம் மரியதாஸ்