நிரந்தரப் படை தேவையே

9.11.2025, ஞாயிறு
குடியிருப்போர் சங்கத்தில் பொங்கலுக்குப் பட்டிமன்றமாம். 'அமைதி காக்க உலகத்துக்கென்று ஒரு நிரந்தரப் படை தேவையா, தேவையில்லையா?' போன வருடம் மாமியாரா மருமகளா என்று வைத்து அடிதடியில் முடிந்தது. அதனால் யார் வீட்டையும் தொடாத தலைப்பாக நடுவர் கோபாலகிருஷ்ணன் சார் தேடிப் பிடித்திருக்கிறார். எங்கள் வீட்டை மட்டும்தான் தொடுகிறது. ராணுவத்தில் இருக்கும் என் கணவர் சிலம்பரசன் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு ஆப்பிரிக்காவில் ஐ.நா. முகாமில் காவல் நிற்கிறார். அதனால் என்னைக் கேட்காமலே 'தேவையே' அணியில் போட்டுவிட்டார்கள். டீச்சர் வேறு, வாய் இருக்கும் என்று நம்பிக்கை.

எந்த நாடு என்று எங்கும் எழுதாதே என்றிருக்கிறார். இங்கேயும் எழுதவில்லை.

12.11
மாமா (அவர் அப்பா) ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிடும்போது தலைப்பைக் கேட்டார். ஐ.நா.வுக்குச் சொந்தமாகப் படை கிடையாது, நாடுகள்தான் ஆள் அனுப்புகின்றன, கூப்பிட்டால் திரும்பிவிடுவார்கள் என்றேன்.

"அப்ப நம்ம புள்ள அங்க காண்ட்ராக்ட்டு வேலதான் பாத்துகினு இருக்கானா? மேஸ்திரி வாடான்னா மம்முட்டியப் போட்டுட்டு வந்துடணும். அது எப்பிடிம்மா காவலாவும்?"

சுரங்கத்தில் பாதி வயது காண்ட்ராக்டில் கிடந்து பர்மனெண்ட் ஆனவர். உலகமே அவருக்கு இந்த இரண்டு வகைதான். சிரித்தேன். ஆனால் குறித்துக்கொண்டேன்.

23.11
அவர் போனில் பேசினார். முகாம் வேலியை ஒட்டி ஒரு கிராமமே படுத்துக் கிடக்கிறதாம். ஊருக்குள் இரண்டு கூட்டம் வெட்டிக்கொள்கிறது. இவர்கள் துப்பாக்கியோடு நிற்பதால் வேலிப் பக்கம் யாரும் வருவதில்லை. "நாங்க ஒன்னும் பண்றதில்ல செவ்வந்தி. சும்மா நிக்கிறோம். நிக்கிறதுதான் வேல."

பிப்ரவரியில் திரும்புவார்.

நிரந்தரப் படை என்றால்? இவரும் நிரந்தரமாக அங்கேயே நின்றுவிட்டால்? — மேடையில் இதையெல்லாம் சொல்ல முடியாது. எனக்கு அவர் வீட்டில் வேண்டும். அவ்வளவுதான்.

30.11
ஐ.நா. தொடங்கிய காலத்திலேயே படை வைக்கும் யோசனை இருந்திருக்கிறது. பெரிய நாடுகளுக்குள் ஒத்துப்போகவில்லை. அப்படியே ஒரு படை வந்தாலும் அதற்கு யார் உத்தரவு போடுவது? எனக்கே பதில் தெரியவில்லை. மாமாவைக் கேட்டால் யூனியன் என்கிறார்.

14.12
ஜனவரி முதல் வாரமே வருகிறார்! பணம் போதவில்லை என்று ஆள் குறைக்கிறார்களாம். அந்த முகாமை மூடுகிறார்கள். மாற்று ஆளும் கிடையாது. அத்தை கேசரி கிளறினார். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

15.12
வேலி ஓரம் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று நேற்று கேட்கவே தோன்றவில்லை. என்ன மனுஷி நான்? இன்று கேட்டேன். "தெரில" என்றார். பிறகு மாமாவுக்கு சுகர் எவ்வளவு என்று விசாரித்தார்.

8.1.2026
வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். பகலெல்லாம் தூங்குகிறார்.

இவர்கள் கிளம்பிய அன்று அந்த ஜனங்கள் ஏசவில்லையாம், அழவும் இல்லையாம். பாயைச் சுருட்டிக்கொண்டு வண்டிகளுக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்களாம். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

17.1, காணும் பொங்கல்
பட்டிமன்றம். அவர், மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரணியில் எதிர்வீட்டு அன்புக்கரசி அக்கா. மைக்கைப் பிடித்தார்: "எல்லாம் சரி செவ்வந்தி. நாளைக்கே நெரந்தரப் படை வந்தா ஒன் வூட்டுக்காரர அனுப்புவியா? அனுப்புவேன்னு சொல்லு, நாங்க எறங்கிக்கிறோம்."

விசில் பறந்தது. எழுதி வைத்திருந்த எதுவும் உதவவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அனுப்ப மாட்டேன்க்கா. நீங்களும் ஒங்க வூட்லேர்ந்து அனுப்ப மாட்டீங்க. எல்லா நாடும் அப்பிடித்தான், அவங்கவங்க புள்ளயத் திரும்பக் கூப்ட்டுக்கும். அப்ப அந்த வேலி ஓரம் படுத்திருக்கறவங்க எங்க போவாங்க? யாராவது ஒருத்தரு நிக்கணும் இல்ல?"

ஒரே கைதட்டல். தீர்ப்பும் 'தேவையே' என்றுதான் வந்தது. எவர்சில்வர் தூக்கு பரிசு. மாமா எழுந்து நின்று தட்டினார். கணவர் தட்டவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

18.1
தூக்குக்கு மூடி சரியாகப் பொருந்தவில்லை.

1.2, தைப்பூசம்
வடலூருக்கு ஜோதி பார்க்கப் போனோம். கூட்டம். வரிசையில் நிற்கும்போது, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்: வேறொரு நாட்டுக்குப் போகும் ஐ.நா. பட்டாலியனுக்கு விருப்பம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஜூனில் கிளம்ப வேண்டியிருக்கும்.

"யாரக் கேட்டு குடுத்தீங்க?" கத்திவிட்டேன். முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"யாராவது ஒருத்தரு நிக்கணும்னு நீதான சொன்ன."

கிண்டல் இல்லை. முகத்தைப் பார்த்தேன், துளியும் இல்லை. அது மேடைப் பேச்சுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். வரிசை நகர்ந்தது.

அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தோம். பரிமாறியவரிடம் இவர் இலையைக் காட்டி, இன்னும் கொஞ்சம் போடுங்க என்று மட்டும் சொன்னேன்.