உயிருடன் இருக்கும் மாரப்பனைக் காலமானவர் என எழுதியது குறித்து

அனுப்புநர்:
மா. மயிலாத்தாள், வயது 29,
மாரப்பன் என்பவரின் மனைவி,
கிணற்று வீதி, வேலம்பாளையம்,
திருப்பூர் வழி, கோயமுத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு கடவுச்சீட்டு அதிகாரி அவர்கள்,
சென்னை.

பொருள்: தான்சானியா நாடு செல்லக் கடவுச்சீட்டு கோரியது – கணவர் இறந்துவிட்டதாகக் கூறி நிறுத்தி வைத்தது – மறுவிசாரணை வேண்டுவது.

பெருமதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு,

பணிவான வணக்கம். தாங்கள் கேட்ட விளக்கத்தைப் பதினைந்து நாளுக்குள் அனுப்பியிருக்க வேண்டும். இன்றோடு இருபத்தெட்டு நாட்களாகின்றன. இத்தாமதத்திற்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். அதன் காரணத்தை நான்காம் பத்தியில் மறைக்காமல் எழுதியுள்ளேன்.

1. என் கணவர் மாரப்பன் பனியன் துணி பின்னும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். இரண்டாண்டுகளுக்கு முன் தான்சானியாவில் உள்ள ஓர் ஆலைக்குப் பணிக்குச் சென்றார். அவருக்கு அடிக்கடி காய்ச்சல் வருவதால், உடனிருந்து கவனிக்க என்னை வரவழைத்துக்கொள்ள ஆலையார் இசைந்தனர். வருகிற அக்டோபர் 29ஆம் தேதி பம்பாயிலிருந்து புறப்படும் கப்பலில் எனக்கு இடம் பதிவாகியுள்ளது. நுழைவு அனுமதி நவம்பர் 30 வரைதான். இக்கப்பலைத் தவறவிட்டால் எனக்கு வேறு வழியில்லை.

2. என் விண்ணப்பத்தின் பேரில் 30-7-1969 அன்று ஒரு காவலர் எங்கள் வீட்டிற்கு விசாரணைக்கு வந்தார். அவ்வேளையில் நான் கம்பெனியில் பனியன் மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என் மாமியார் பூவாத்தாள் மட்டுமே இருந்தார். எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குப் பாட்டனார் பெயரைச் சூட்டுவது வழக்கம். கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் பெண்கள் வாயால் சொல்லாதிருப்பதும் வழக்கம். இவ்விரண்டும் சேர்ந்ததால், என் மாமியார் தாம் பெற்ற மகனை இன்றுவரை பெயர் சொல்லி அழைத்ததில்லை. மாரப்பன் யார் என்று காவலர் கேட்டபோது அவர் சொன்ன பதிலை, பின்னர் என்னிடம் கூறியவாறே எழுதுகிறேன்: “அது எங்க மாமனாரு பேருங்க சாமி. அந்தப் பேரை நான் வாயில வெச்சதே இல்லீங்க. பையனைச் சின்னய்யன்னுதானுங்க கூப்பிடுவேன். அப்படியே எழுதிக்கோங்க.”

3. தாய் அழைத்தபடியே வீதி முழுவதும் என் கணவரைச் சின்னய்யன் என்றே அழைக்கும். ஆகவே காவலர் அடுத்த வீட்டுப் பெரியவர் ரத்தினசாமியை விசாரித்தபோது, அவருக்கு நினைவில் வந்தது பாட்டனார்தான். “மாரப்பனுங்களா? அவரு போய்ச் சேர்ந்து இருவது வருசத்துக்கு மேல ஆச்சுங்களே! இப்ப வந்து விசாரிக்கறீங்க?” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். காவலர் கேட்டதை எழுதினார். அவர் மீதோ பெரியவர் மீதோ எனக்கு யாதொரு புகாரும் இல்லை. எழுதப்பட்ட அந்த ஒரு சொல்லின் மீதுதான் என் புகார்.

4. தங்கள் பதிவுத் தபால் 25-8-1969 அன்று என் கைக்கு வந்தது. நான் எந்தப் பள்ளியிலும் படித்தவள் அல்லள். பனியன் பெட்டிகளின் மேலட்டை பார்த்து எழுத்துக்கூட்டி, நூலகத்தில் படித்துத் தேர்ந்தவள். வீதியில் யாருக்குத் தந்தி வந்தாலும் பிரித்துப் படித்துச் சொல்பவள் நானே. ஆயினும் அரசு முத்திரையிட்ட அந்த உறையைப் பதினோரு நாட்கள் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. காரணம், ஆடி மாதம் வந்த கடிதம். என் கணவர் நன்றாக எழுதத் தெரிந்தவர். மாதம் தவறாமல் தம் கைப்பட எழுதுவார். ஆனி மாதக் கடிதத்தை உடன் பணிபுரியும் திருமூர்த்தி எழுதியிருந்தார். கையெழுத்து மட்டும் என் கணவருடையது, நடுங்கியிருந்தது. ஆடியில் வந்ததில் அதுவுமில்லை. கையெழுத்திட வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை இருந்தது. அது அவருடைய விரல்தானா என்றறிய எனக்கு வழியில்லை. கீழே திருமூர்த்தி, “அண்ணி, பயந்துக்காதீங்க. ஆனா எப்படியாச்சும் கிளம்பி வந்துருங்க” என்று எழுதியிருந்தார். அதன்பின் கடிதமே இல்லை.

5. பன்னிரண்டாம் நாள் காலை உறையைப் பிரித்தேன். “மனுதாரரின் கணவர் மாரப்பன் காலமானவர் என விசாரணையில் தெரியவருவதால்” என்பது வரை படித்தேன். அதற்கு மேல் என்னால் படிக்க இயலவில்லை. என் மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மறுபடி எடுத்து இறுதிவரை படித்தபோதுதான் “1948ஆம் ஆண்டில்” என்றிருப்பதைக் கண்டேன். அய்யா, இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இறந்ததற்காக அன்று நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம் என்பதை வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

6. கிராம முன்சீப் அளித்த சான்று, பாட்டனாரின் மரணப் பதிவு நகல், கணவரின் பள்ளிச் சான்று, ஆலையாரின் கடிதம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். இவற்றைப் பெறவே எஞ்சிய நாட்கள் சென்றன.

7. நான் கோயமுத்தூருக்கு அப்பால் சென்றதில்லை, கடலைப் பார்த்ததுமில்லை. நூலகத்துத் தேசப்படத்தில் அந்நாடு நம் தமிழ்நாட்டைப் போல் ஏழு மடங்கு இருப்பதாகக் கணக்கிட்டேன். ஐப்பசியில் அங்கும் மழை தொடங்கும் என்றும், மழைக்குப்பின் காய்ச்சல் பெருகும் என்றும் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம். சுக்கும் மிளகும் இடித்துக் கட்டி வைத்துள்ளேன். மஞ்சள் காய்ச்சல் ஊசியை, கப்பல் ஏறுவதற்குப் பத்து நாட்கள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டுமாம். ஆகவே அக்டோபர் 15ஆம் தேதிக்குள் கடவுச்சீட்டு என் கைக்கு வர வேண்டும். போவதற்கும் அஞ்சுகிறேன். போக முடியாமற் போய்விடுமோ என்று அதைவிட அஞ்சுகிறேன்.

8. ஆகவே, மறுவிசாரணைக்கு உடனே உத்தரவிட வேண்டுகிறேன். நானும் என் கணவர் பெயரை இதுவரை எழுதியிருக்கிறேனே தவிர, சொன்னதில்லை. விசாரிக்க வரும் அலுவலர் முன்பு, என் மாமியார் கேட்க, வாய்விட்டுச் சொல்வேன். அவரிடம் இதைத் தெரிவித்துவிட்டேன். “சொல்லு கண்ணு, சத்தமாவே சொல்லு” என்றார். தங்கள் ஏட்டில் என் கணவர் பெயரையடுத்து நிற்கும் ‘காலமானவர்’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். அது அங்கே எழுதப்பட்டிருக்கும் வரை எனக்குச் சோறு இறங்காது.

தயவுசெய்து விரைவில் பதில் அனுப்புங்கள். உறையின் மேல் ‘கடவுச்சீட்டு தொடர்பாக’ என்று எழுதச் சொல்லுங்கள். வந்த அன்றே பிரித்துவிடுவேன்.

இடம்: வேலம்பாளையம்
நாள்: 22-9-1969

தங்கள் உண்மையுள்ள,
மா. மயிலாத்தாள்
(கையெழுத்து என்னுடையதே)