பார்க்காத பத்தொன்பது பேருக்கு எழுதிய ஒரே வரி

அனுப்புநர்:
மாற்றுப் பள்ளி, வருகைப் பதிவேட்டு எண் 11 மாணவியின் தாயார்,
சலவைக் கூடப் பணியாளர் (காலை முறை),
பொது மருத்துவமனை, தரைத்தளம்.

பெறுநர்:
உயர்திரு தலைமைக் கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: மாற்றுப் பள்ளி மாணவர் பத்தொன்பது பேருக்கும் நேரில் பாராமலே ஒரே வாசகத்தில் தொழில் வழிகாட்டுச் சான்று வழங்கியது – அவற்றை ரத்து செய்து, பிள்ளைகளைச் சந்தித்துப் பேசிய பின் புதிதாக வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மாற்றுப் பள்ளிக்கு அரைநாள் நேரம் விதித்த தங்கள் அலுவலக ஆணை. 2. மே 28 அன்று வழங்கப்பட்ட சான்றுகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம்தான் முதலில் போனேன். அவர் எழுதிய தாளில் 'பணிவுடன்' என்ற சொல் ஏழு இடங்களில் இருந்தது. நடந்தது என்ன என்பது ஓர் இடத்திலும் இல்லை. ஆகவே நானே எழுத உட்கார்ந்துவிட்டேன். பணிவு எனக்கும் உண்டு. ஒரு முறை சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்: பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. என் மகளுக்கு வயது பதினாறு. ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது அவள் ஒரு நாற்காலியைத் தூக்கி வகுப்பறை ஜன்னலில் எறிந்தாள். கண்ணாடி உடைந்தது, யாருக்கும் அடி படவில்லை. அவள் அப்பா இறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. தாங்கள் கோப்பைத் திறந்தால் முதல் பக்கத்தில் இதுதான் இருக்கும். அதனால் நானே முந்திக்கொண்டு சொல்கிறேன். தப்பு தப்புதான். அதற்காக அவளைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள், மாற்றுப் பள்ளிக்கு அனுப்பினார்கள், போனாள். இரண்டு வருடம் படித்துப் பத்தாம் வகுப்பில் தேறியும் விட்டாள். கணக்கில் எழுபத்தெட்டு மதிப்பெண். ஜன்னல் கணக்கு அத்தோடு தீர்ந்தது என்பது என் எண்ணம்.

2. மாற்றுப் பள்ளியைத் தாங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். பழைய தபால் நிலையத்தின் பின்பக்கம் இரண்டு அறைகள். ஒரு பொறுப்பாசிரியை, ஓர் உதவி ஆசிரியர், ஒரு காவலாளி. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்டவள், வீட்டை விட்டு ஓடித் திரும்பி வந்தவன், மூன்று பள்ளிகளில் 'வேண்டாம்' என்று அனுப்பப்பட்டவன் என்று பத்தொன்பது பேர். காலை எட்டரை முதல் மதியம் பன்னிரண்டரை வரை மட்டுமே பள்ளி. மதியத்துக்கு மேல் அதே அறைகளில் தங்கள் துறையின் பழைய கோப்புகளைப் பிரித்து அடுக்குகிறார்கள். ஆகவே அரைநாள்தான் பள்ளி நடத்த வேண்டும் என்று ஆணை போட்டது தங்கள் அலுவலகம். எங்களை யாரும் கேட்கவில்லை.

3. ஏப்ரல் 20 அன்று தொழில் வழிகாட்டு அலுவலர் அப்பள்ளிக்கு வந்தார். மதியம் இரண்டேகால் மணிக்கு வந்தார். காலை நேரத்தைப் பெரிய பள்ளிக்கு ஒதுக்கிவிட்டாராம். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அந்தப் பெரிய பள்ளியில்தான் படிக்கிறான். அங்கே நாள் முழுக்கப் பந்தல் போட்டு, பொறியாளர், செவிலியர், வங்கி அதிகாரி, கப்பலில் வேலை செய்பவர் என்று ஆள் ஆளாக வந்து பேசினார்கள்; பையன் ஒரு பை நிறைய விளம்பரத்தாள் கொண்டுவந்தான். எங்கள் பள்ளிக்கு வந்தது அலுவலர் ஒருவரும், ஒரு கட்டுப் படிவமும். அறைக்குள் தூசி தட்டிக்கொண்டிருந்த கோப்புக்காரர்களைத் தவிர யாரும் இல்லை. காவலாளி சொன்னது இது: "சார், பசங்க பன்னண்டரைக்கே போயிட்டாங்களே. நாளைக்குக் காலையில வாங்க, எல்லாரும் இருப்பாங்க." அதற்கு அலுவலர் கேட்டது இது: "அதெல்லாம் முடியாதுப்பா. ரெஜிஸ்டர் இருக்குல்ல, அதைக் குடு."

4. பதிவேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் வந்தால் ஒரு சாய்கோடு, மதியமும் வந்தால் அதன்மேல் குறுக்கே இன்னொரு கோடு போடுவது எல்லாப் பள்ளியிலும் வழக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு மதியம் பள்ளியே கிடையாது. ஆகவே இரண்டு வருடமும் ஒற்றைக் கோடுதான். அலுவலர் அதைப் பார்த்து, எல்லோரும் பாதி நாள் மட்டம் போட்டவர்கள் என்று முடிவுகட்டிவிட்டார். வருகை ஐம்பது சதவீதம். அதற்கு மேல் 'நேர்காணல்' என்ற கட்டத்தில் பத்தொன்பது பேருக்கும் 'வரவில்லை' என்று எழுதினார். பள்ளி இல்லாத நேரத்தில் வந்தவர் அவர். வராதவர்கள் எங்கள் பிள்ளைகளாம். இதைப் படிக்கும்போது தங்களுக்குச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கலாம். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

5. மே 28 அன்று சான்றுகள் வந்தன. பத்தொன்பதிலும் ஒரே வரி: "விடாமுயற்சி குறைவு, பொறுப்பான பணிகளுக்கு ஏற்றவர் அல்லர், மேற்பார்வையின் கீழ்ப் பொதி கட்டும் பணி பரிந்துரைக்கப்படுகிறது." பொதி கட்டுவது கேவலமான வேலை இல்லை. நானே தினம் நானூறு படுக்கை விரிப்புகளை மடித்துக் கட்டுகிறேன். எனக்குப் பொறுப்பு இல்லை என்று ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும். நான் கேட்பது வேறு. பத்தொன்பது பிள்ளைகளில் ஒருத்தி பிப்ரவரியிலேயே குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவளுக்கும் இதே வரி. ஊரிலேயே இல்லாத பெண்ணின் விடாமுயற்சியை அளக்கும் கருவி எது என்று அறிய விரும்புகிறேன்.

6. ஜூன் 2 அன்று தங்கள் அலுவலகத்திற்கு வந்தேன். முதல் மேசையில், அது கணினி போட்டது என்றார்கள். இரண்டாம் மேசையில், கணினியில் ஏற்றியது முதல் மேசைதான் என்றார்கள். மூன்றாம் மேசையில் இருந்தவர் மட்டும் மனதில் பட்டதைச் சொன்னார்: "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு இது கிடைச்சதே பெருசும்மா. சண்டை போடாம வாங்கிட்டுப் போங்க." நான், "உங்க பிள்ளைக்கு இதே வரிய எழுதிக் குடுத்தா ஃப்ரேம் போட்டு மாட்டுவீங்களா?" என்று கேட்டேன். என் குரல் இரண்டாம் தளம் முழுக்கக் கேட்டதாக அறிகிறேன். அப்போது தாங்கள் கூட்டத்தில் இருந்தீர்களாம். இடைஞ்சலாக இருந்திருந்தால் குரலுக்கு வருந்துகிறேன். கேட்ட கேள்விக்கு வருந்தவில்லை.

7. ஏன் இவ்வளவு துடிக்கிறேன் என்று தாங்கள் கேட்கலாம். பள்ளி பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். என் வேலை மூன்றரைக்குத்தான் முடியும். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் என் மகள் நேரே மருத்துவமனைக்கு வந்து, சலவைக் கூடத்துக்கு வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். எதிரே ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் கிருமி நீக்கப் பிரிவு. அறுவை சிகிச்சைக்கான கத்திரி, இடுக்கி, ஊசி எல்லாவற்றையும் அங்கே கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, சுற்றி, நீராவியில் வைக்கிறார்கள். ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். எண்ணியவர் யாரோ அவர்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொருவர் எண்ணியதற்கு நீங்கள் போடக் கூடாது. ஏனென்றால் ஓர் இடுக்கி குறைந்தால் அது நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கலாம்.

இதை எனக்குச் சொன்னவள் என் மகள். பதினைந்து வருடமாக எதிர்க்கூடத்தில் வேலை செய்யும் எனக்கு இது தெரியாது. அவள் இரண்டு வருடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியே கூடவே எண்ணியிருக்கிறாள். குடல்வால் அறுவைக்கு என்ன தட்டு, பிரசவத்துக்கு என்ன தட்டு என்று வீட்டுக் கரண்டிகளை வைத்து அடுக்கிக் காட்டுகிறாள். நான் ஒரு கரண்டியை எடுத்தால் வள்ளென்று விழுகிறாள். ஒரு நாள் வெளியே வந்த பிரிவுக்காரர்கள் இருவர், "என்னம்மா, இன்னைக்கு எத்தனை தட்டு?" என்று விளையாட்டாகக் கேட்டார்கள். "நாப்பத்தொண்ணு. அதுல ஒண்ணைத் திரும்ப எண்ணினீங்க" என்றாள். அவர்கள் சிரிப்பு நின்றுவிட்டது. ஐயா, விடாமுயற்சி குறைவு என்று தங்கள் அலுவலர் எழுதியது இந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

8. அந்தப் பிரிவுக்கு ஓராண்டுப் பயிற்சி உண்டு. பத்தாம் வகுப்பு தேறினால் போதும். ஆனால் மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் கடிதம் போதுமாம்; மாற்றுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் வழிகாட்டு அலுவலரின் சான்று வேண்டுமாம். வரும் வெள்ளிக்கிழமை, ஜூன் 18, மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. அந்த ஒரு வரி இருக்கும்வரை அவள் விண்ணப்பத்தை யாரும் கையால்கூடத் தொடமாட்டார்கள். இதை ஜூன் 2 அன்றே மூன்று மேசையிலும் சொன்னேன்.

9. ஜூன் 10 அன்று தங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் உதவியாளர் சலவைக் கூடத்துக்கே வந்து ஓர் உறையைக் கொடுத்தார். "உங்க பொண்ணுக்கு மட்டும் மாத்திக் குடுக்கச் சொல்லிட்டாங்க. வெளிய சொல்லிக்காதீங்க" என்றார். உள்ளே புதிய சான்று: "நேரில் சந்தித்துப் பேசியதில், பொறுமையும் கவனமும் நிறைந்தவர் எனக் காணப்பட்டது. கிருமி நீக்கப் பிரிவுப் பயிற்சிக்குப் பரிந்துரைக்கப்படுகிறது." அதே அலுவலரின் கையெழுத்து, முத்திரை.

மறைக்க மாட்டேன். நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். விரிப்புக் குவியலுக்குப் பின்னால் போய் அழுதேன். அன்று மாலை என் மகளிடம் கொடுத்தபோது அவள் இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டாள்: "நேர்ல சந்திச்சுப் பேசினாராம். இவர நான் பாத்ததே இல்லையேம்மா." அதனால் என்ன, நல்லபடியாகத்தானே எழுதியிருக்கிறார் என்றேன். "முன்னாடி பாக்காம கெட்டவன்னு எழுதினாரு, இப்போ பாக்காம நல்லவன்னு எழுதுறாரு. எண்ணாம கையெழுத்துப் போட்ட சீட்டும்மா இது. இதை வச்சுக்கிட்டு நான் எப்படி அந்த ரூமுக்குள்ள போவேன்?" என்றாள். "மத்த பதினெட்டு பேரு?" என்றும் கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முதலில் உன் பிழைப்பைப் பார், ஊருக்கு நியாயம் அப்புறம் பேசலாம் என்று கத்தினேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் பிடிவாதம் அவள் அப்பாவுடையது. அது என்னிடமும் கொஞ்சம் உண்டு என்று மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டேன்.

10. மற்றப் பெற்றோரிடம் போனேன். என்னையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். ஐந்து பேர், இருப்பதும் போய்விடுமோ என்று பயந்து போடவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. எனக்கும் பயம்தான். ஆனாலும் கேட்பதைக் குறைத்துக் கேட்க மாட்டேன்.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியவை:

அ) மே 28 சான்றுகள் பத்தொன்பதையும் ரத்து செய்க.

ஆ) தொழில் வழிகாட்டு அலுவலரை இந்த வாரத்துக்குள் ஒரு காலைப் பொழுது மாற்றுப் பள்ளிக்கு அனுப்புக. எட்டரை மணிக்கு அனுப்புக. ஒவ்வொரு பிள்ளையின் எதிரிலும் உட்கார்ந்து, உனக்கு என்ன வேலை பிடிக்கும் என்று வாய்திறந்து கேட்கச் சொல்லுக. பதில் வர நேரமானால் காத்திருக்கச் சொல்லுக.

இ) ஊர் மாறிப்போன பெண்ணின் சான்றை அவள் இப்போதிருக்கும் இடத்து அலுவலகத்தின் மூலம் சரிசெய்க. முகவரி பொறுப்பாசிரியையிடம் உள்ளது.

அவ்வாறு பார்த்துப் பேசிய பிறகு, என் மகள் அந்தப் பயிற்சிக்கு ஏற்றவள் அல்லள் என்று அவர் எழுதினால், எழுதட்டும். அது பார்த்தவர் எழுதியதாக இருக்கும். அதை மறுத்து வேறொரு மனு எழுத எனக்குத் தெரியும். அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. தங்கள் அலுவலகத்திலிருந்து பள்ளிக்கு நடந்தால் பதினைந்து நிமிடம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
பதிவேட்டு எண் 11 மாணவியின் தாயார்

இடம்: பொது மருத்துவமனைச் சலவைக் கூடம்
நாள்: ஜூன் 14, திங்கட்கிழமை

இணைப்புகள்:
1. அரைநாள் நேரம் விதித்த ஆணை – நகல்.
2. மே 28 சான்றுகள், பதினெட்டு – நகல். (ஊர் மாறிப்போனவளின் சான்று, வாங்க ஆள் இல்லாததால் பள்ளியிலிருந்து தங்களிடமே திரும்பிவிட்டது.)
3. பெற்றோர் பதின்மூவரின் கையொப்பத் தாள்.
4. என் மகளுக்கு மட்டும் வழங்கப்பட்ட ஜூன் 10 சான்று – அசல். நகல் எடுத்துக்கொள்ளவில்லை. திருப்பி அனுப்புகிறோம்.