சூசையப்பரின் தொப்பி

மலை மட்டும் வரைகிறவருக்கு,

கொலோனிலிருந்து நீங்கள் அனுப்பிய ஓவியப் பலகை ஆண்ட்வெர்ப்புக்கு வந்து சேர்ந்தது. மலையும் ஆறும் உங்கள் கை, ஆட்கள் என் கை என்பதுதான் நம் வழக்கம். மாதாவும் குழந்தையும் கழுதைமேல் எகிப்துக்குத் தப்பிப் போக, கணவர் சூசையப்பர் கயிற்றைப் பிடித்து முன்னால் நடக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எழுத உங்களுக்குக் கூச்சமாகவே இல்லையா?

சிப்பாய்கள் ஊருக்குள் நுழைந்த அன்று நானும் நம் மகள் மாய்க்கேயும் நிலவறையில் பீப்பாய்களுக்குப் பின்னால் மூச்சடக்கிக் கிடந்தோம். நீங்கள் தூரிகைகளை ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு தனியாகக் கொலோனுக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

சரி, வரைந்துவிட்டேன். கயிறு மாதாவின் கையில் இருக்கிறது. உங்கள் மலைக்கு அந்தப் பக்கம் சூசையப்பரின் தொப்பி மட்டும் தெரிகிறது.

படத்தை வாங்க வந்த பாதிரியார் உருகிப்போனார். "பாரும்மா, வழி பத்திரமா இருக்கான்னு பாக்க முன்னாடியே போயிருக்கார். குடும்பத்து மேல என்ன பாசம்."

"ஆமா சாமி," என்றேன். "இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்கார்."

மாய்க்கே அந்தத் தொப்பியைத் தொட்டு, "இது யாரும்மா?" என்று கேட்டாள்.

யாரோ வழிப்போக்கன் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
கயிற்றைப் பிடித்திருப்பவள்