சிவப்புப் பெட்டியும் கப்பலில் பிடிபட்ட மெழுகுவர்த்தியும்

காரைக்குடி, செக்காலை
நவம்பர் 19

அன்பு மகள் வின்சிக்கு,

உன் அம்மா ஞானபூரணி எழுதிக்கொள்வது. மூட்டு வலியையும் உன் அத்தையையும் கழித்துவிட்டுப் பார்த்தால் இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் சொல்லியிருக்கிறேன், அவள் காதில் விழுந்ததா என்று நீதான் எழுத வேண்டும். போன் இருக்கும்போது கடிதாசி எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய். "கடைசி நேரத்துல நீயாவது அப்பா கூட இருந்தியேம்மா, நான் பாவி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். நாலு மாதமாக இதே கதை. அப்போது விசா பேப்பர் கைக்கு வரவில்லை, உன்னால் வர முடியவில்லை. இப்போது பேப்பர் கையில் இருக்கிறது, இப்போதும் அந்த வீட்டில் எப்படிக் கால் வைப்பேன் என்கிறாய். கடிதாசியென்றால் பாதியில் வைக்க முடியாது. முழுசாகப் படி. பிப்ரவரியில் மறுபடியும் கப்பல் இருக்கிறதாம், நீயும் நானும் போகிறோம், அதற்குத்தான் நான் போய்ப் பட்டதையெல்லாம் எழுதுகிறேன். நடுவில் ஒரு விஷயம் வரும், அதைத் தாண்டிப் போய்விடாதே.

எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கென்று நீ போட்ட திருகோணமலைக் கப்பல் டிக்கெட் அது. உன் அப்பா இருபது வருடம் கானாடுகாத்தான் அரண்மனை ஹோட்டலில் கரண்டு வேலை பார்த்துவிட்டு, "ஒரு தடவையாச்சும் நான் மணியடிக்கணும், வேற ஒருத்தன் ஓடி வந்து பல்பு மாட்டணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். ஜூலையில் போய்விட்டார். டிக்கெட்டைத் திருப்ப முடியாது, ஆள் பெயரை மாற்றலாம் என்றார்கள். வருடம் திரும்புவதற்குள் கப்பலில் உல்லாசமா என்று தெருவையே கூட்டியவள் உன் அத்தை வியாகுலம்தான். சாமியாரிடம் போய்க் கேட்டோம். அவர் "கடலிலும் ஆண்டவர் இருக்கிறார், போய் வாருங்கள்" என்றார். உன் அத்தை விடவில்லை. "ஆண்டவரு இருப்பாரு ஃபாதர், அவரு போயி ஊருக்குள்ள சொல்ல மாட்டாரு, பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவாளே" என்றாள். சரி, அப்படியானால் அவள் அண்ணன் இடத்தில் யாரைக் கூட்டிப் போகட்டும் என்று அவளிடமே கேட்டேன். "மதினி, நீங்க தனியா எப்படிப் போவீக" என்றாள். மறுநாளே பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துவிட்டாள்.

முதல் புத்தி, கப்பல் கிளம்புகிற நாளில் ஊரிலிருந்து கிளம்பாதே. நாங்கள் பல்லவன் ரயிலில் போய் எழும்பூரில் இறங்கி அங்கேயே ஆட்டோ பிடித்தோம். உன் அத்தை ஆட்டோக்காரரிடம் "கப்பலுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் நேரே சரக்கு லாரி போகிற வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அங்கே நின்ற காவலாளி எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்து, "என்ன லோடும்மா?" என்றார். ஆட்கள் போகிற வாசல் வேறு, அங்கிருந்து அவர்கள் பஸ்ஸில்தான் கப்பலண்டை போக வேண்டும், ஆட்டோ உள்ளே வராது. வாசல் எதுவென்று டிக்கெட் தாளிலேயே இருக்கிறது, நாங்கள் படிக்கவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள், சத்துணவு அமைப்பாளராக முப்பது வருடம் கையெழுத்துப் போட்ட உன் அத்தைக்கு என்ன கேடு என்று தெரியவில்லை. முந்தின நாளே போய்த் தங்கிவிடு. பெட்டியை வாசலில் வாங்கிக்கொள்வார்கள், சாயங்காலம்தான் அறைக்கு வரும், அதனால் மாத்திரையையும் ஒரு மாற்றுத் துணியையும் கைப்பையில் வைத்துக்கொள். அங்கே வந்த பெட்டியெல்லாம் கருப்பு. நம்முடையது சிவப்பு, தூரத்திலிருந்தே தெரிந்தது. அந்தப் பெட்டியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அயன்பாக்ஸ், தண்ணீர் சுடவைக்கிற கெட்டில் எதையும் கொண்டுவராதே, பிடுங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். உன் அத்தையுடையது இரண்டும் போயிற்று. அறை எப்படியென்றால், கானாடுகாத்தான் வீடுகளில் ஊறுகாய் ஜாடி வைக்கிற அறை இருக்கும் பார், அதில் ஒரு ஜன்னலை வைத்தால் அதுதான். நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் கேள், ஆட்டம் குறைவு. குளிக்கிற அறை வாசலில் ஒரு படி உயர்ந்திருக்கும், எனக்கு இரண்டு நாளும் அதே கால் விரல் இடித்தது. கக்கூஸில் பித்தானை அமுக்கினால் சிங்கம் மாதிரி உறுமி உறிஞ்சும், முதல் தடவை உன் அத்தை சேலையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். சுவரெல்லாம் இரும்பு என்பதால் காந்தம் ஒட்டும். துணி மாட்டக் காந்தக் கொக்கி நாலு வாங்கி வா. நான் நம் ஃபிரிட்ஜில் இருந்த வேளாங்கண்ணி மாதா காந்தத்தைக் கொண்டுபோயிருந்தேன், அதை வைத்து உன் அப்பா போட்டோவைச் சுவரில் ஒட்டினேன். வாழ்நாளில் பாதியை ஏணி மேல் கழித்தவர், அங்கேயும் லைட்டுக்குப் பக்கத்திலேயே போய் நின்றார்.

படுக்கை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, மேலே ரோஜா இதழில் இதயம் போட்டு வைத்திருந்தார்கள். பெயரைத்தான் மாற்றினோம், கல்யாண நாள் என்று நீ எழுதியதை யாரும் மாற்றவில்லை. நீ கட்டாயம் முன்னாலேயே சொல்லிப் படுக்கையைப் பிரித்துப் போடச் சொல். உன் அத்தை குறட்டை விட்டால் கப்பல் ஹாரன் அடித்ததா என்று ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நமக்கென்று ஒரு நேரமும் மேசையும் உண்டு, அங்கே போய் உட்கார்ந்தால் ஐந்தாறு பேர் கைதட்டிப் பாடிக்கொண்டு கேக்கோடு வந்து நிற்கிறார்கள். சுற்றியுள்ள மேசைக்காரர்களெல்லாம் எழுந்து தட்டுகிறார்கள். நானும் உன் அத்தையும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். "வெட்டுங்க மதினி, அண்ணன் இருந்தாலும் உங்களத்தான் வெட்டச் சொல்லிருக்கும்" என்றாள். வெட்டினோம். அவள் எனக்கு ஊட்டினாள், போட்டோவும் எடுத்தார்கள். உனக்கு அனுப்ப மாட்டேன், வந்து பார்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். நாமே எடுத்துச் சாப்பிடுகிற இடத்தில் முதலில் கண்ணில் படுவதெல்லாம் ரொட்டியும் இலையும்தான், அங்கேயே தட்டை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடாதே, கடைசிவரை ஒரு நடை நடந்து பார். மீன் கடைசியில்தான் வைத்திருக்கிறான். உறைப்பு என்று எழுதியிருந்த குழம்பைப் பிறந்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். சீல் பிரிக்காத ஊறுகாய்ப் பொட்டலத்தை எங்களிடம் விட்டுவிட்டார்கள், அது இல்லையென்றால் நான் திருகோணமலையிலேயே இறங்கி நின்றிருப்பேன். திருகோணமலையில் இறங்கினால் கப்பல்காரர்களின் பஸ் துறைமுக வாசல்வரை விடும், அதற்குமேல் வெளியே ஆட்டோ. எல்லோரும் நல்ல தமிழ் பேசுகிறார்கள், உன் அத்தையை விட நல்ல தமிழ். திரும்பி ஏற வேண்டிய நேரத்தைக் கையில் எழுதிக்கொள். உன் அத்தை கருவாட்டுக் கடையில் நின்றுகொண்டு, "நம்மள விட்டுட்டா போயிருவாக" என்றாள். போயிருவாகளாம். ஓடிவந்து ஏறினோம், கருவாட்டையும் உள்ளே விடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ தேதி போடும்போது நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள் என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன, அப்போது நமக்குக் கல்லறையில் புதிதாக ஆள் இல்லை. ஊரே மெழுகுவர்த்தி கொளுத்துகிற அன்றைக்கு, முதல் வருடம், அவர் கல்லறை மட்டும் இருட்டாகக் கிடக்கும் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தோணி பிரபுவிடம் ஒரு மெழுகுவர்த்தி கொடுத்து ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை, ஏற்றியிருப்பான், இருந்தாலும் நம் கையால் ஏற்றுவது வேறு. அதனால் ஒரு மெழுகுவர்த்தியைச் சேலைக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்தேன், தீப்பெட்டியை ரவிக்கைக்குள் வைத்தேன். சாயங்காலம் அறையில் போட்டோவுக்குக் கீழே ஏற்றி ஜெபம் சொன்னோம். மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தால் தப்பித்திருக்கலாம். உன் அத்தை கல்லறையில் வைக்கிற மாதிரி ஒரு கட்டு ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்திவிட்டாள். அருள் நிறைந்த மரியே பாதியில் இருக்கிறது, மேலே மணி அலறுகிறது, கதவைத் திறந்துகொண்டு மூன்று பேர் தண்ணீரும் நெருப்பணைக்கிற சிலிண்டருமாக உள்ளே வருகிறார்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. மணி அடித்தது, ஆட்கள் ஓடி வந்தார்கள், உன் அப்பா ஆசைப்பட்டது நடந்துவிட்டது.

கப்பலில் நெருப்பு எவ்வளவு பெரிய ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது. திட்டினார்கள், திட்ட வேண்டியதுதான். உன் அத்தையைக் கையெழுத்துப் போட ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள், "ஐ சத்துணவு ஆர்கனைசர்" என்று சொல்லிக்கொண்டே போனாள். அறையைத் துடைக்கிற தம்பி ரொமெல் மட்டும் சாம்பலைக் கூட்ட நின்றார். பிலிப்பைன்ஸ்காரர். போட்டோவைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். வெளியே போய்ச் சாப்பாட்டு மேசையில் வைக்கிற பேட்டரி மெழுகுவர்த்தி ஒன்றைக் கொண்டுவந்து போட்டோவுக்குக் கீழே வைத்தார். பிறகு தன் போனை எடுத்து ஒரு கல்லறைப் படத்தைக் காட்டினார். மதர், மதர் என்றார். கையால் கடலைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். எனக்கு இங்கிலீஷ் வேண்டியிருக்கவில்லை. அவர் அம்மா இறந்தபோது அவர் கப்பலில் இருந்திருக்கிறார்.

அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் அவரிடம் ஒன்றைச் சொன்னேன். இந்த நாலு மாதத்தில் உன் அத்தையிடம் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். உன் அப்பா என் மடியில் தலை வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார் என்று உன்னிடமும் ஊரிடமும் சொன்னேனே, அது பொய். அவர் போகும்போது நான் பயணப் பெட்டி விற்கிற கடையில் இருந்தேன். காலையில் அவர்தான், "ஒரு பெட்டி வாங்கிட்டு வா, சக்கரம் வச்சதா, கருப்பு வேண்டாம், எல்லாரும் கருப்புத்தான் வச்சிருப்பாக" என்று அனுப்பினார். நான் கடைக்குள் அதை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தேன், விலை பேசினேன், கடைக்காரர் கொடுத்த டீயைக் குடித்தேன், வருகிற வழியில் ஒரு நைட்டி வேறு பார்த்துக்கொண்டு நின்றேன். கப்பலில் போட. வீட்டுக்கு வந்து, பெட்டி எப்படி இருக்கு பாருங்க என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, டிவியும் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தால் அவர் கை குளிர்ந்துபோயிருந்தது. யாராவது வந்து கேட்டால் பெட்டி வாங்கப் போனேன் என்று எப்படிச் சொல்வது. அதனால் மடி என்றேன், தண்ணீர் என்றேன். ஒரு தடவை சொன்ன பிறகு மாற்றவும் முடியவில்லை. நீ நிம்மதிப்படுவாய் என்றுதான் உன்னிடமும் சொன்னேன். நீயாவது இருந்தியேம்மா என்று நீ அழுகிற ஒவ்வொரு தடவையும் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும். ஒரே ஊரில், அரை மைலில் இருந்த நானே அவர் பக்கத்தில் இல்லை. கனடாவில் இருந்த நீ எப்படி இருந்திருப்பாய்? இனி அழுவதென்றால் அதற்காக அழாதே. அவர் இல்லை என்று அழு, நானும் அதற்குத்தான் அழுகிறேன்.

ரொமெல் தம்பி ஒன்றும் புரியாமல் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அந்தப் பேட்டரி விளக்கை என் கையிலேயே கொடுத்தார். ஊருக்கு வந்ததும் கல்லறையில் கொண்டுபோய் வைத்தேன். மற்றவர்கள் ஏற்றியதெல்லாம் மெழுகாக உருகிக் கிடந்தது, மழை வேறு. இது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்தோணி பிரபு பார்த்துவிட்டு, "என்ன பெரியம்மா, கரண்டு வேலை பார்த்தவருன்னு பேட்டரி லைட்டா வச்சிட்டீக" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கல்லறையில் நின்று சத்தமாகச் சிரித்தேன். பேட்டரி தீரப் போகிறது, புதிது போட வேண்டும். அதை நீ வந்து போடு.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், உன் அப்பாவும் மேலே எங்காவது ஏணி போட்டு நின்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார். டிக்கெட் போட்டதும் சொல். நீ ஊர் வந்து சேர்வதற்குள் உன் அத்தையிடம் இந்த விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன், கத்துவாள், கத்தட்டும். காந்தக் கொக்கி நாலு, மறந்துவிடாதே. தீப்பெட்டி வேண்டாம். உனக்கென்று பெட்டி வாங்காதே. சிவப்புப் பெட்டியில் பாதியில் என் சேலைகளை அடுக்கிவிட்டேன், அப்பா பக்கம் காலியாக இருக்கிறது, அதில் உன் துணியை வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் வரவுக்கு வாசல் கதவைத் திறந்து வைத்திருக்கும் அம்மா,
ஞானபூரணி