கோதை அரங்கேற்றத்தில் அணைந்த விளக்கு

ஆவணி 12, சனிக்கிழமை, இரவு.

இன்று தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை மண்டபத்தில் கோதையின் நாட்டிய அரங்கேற்றம். லைட் போர்டில் நான். வர்ணத்தின் நடுவில் அவளுடைய வலக்கால் சலங்கையின் வார் அவிழ்ந்து தரையில் இழுபட்டது. அடுத்த ஜதியில் கால் இடறியிருக்கும். அவள் மேல் இருந்த வெளிச்சத்தை இறக்கிவிட்டு, பாடுகிறவர் மேல் ஏற்றினேன். அவர் அந்த வரியைத் திரும்பப் பாடி முடிப்பதற்குள் அவள் குனிந்து வாரை மாட்டிக்கொண்டாள். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தெரியாததுதான் வினையாயிற்று. நான் ஒயரைச் சுருட்டும்போது அவள் அப்பா வந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்.

"என்னம்மா, நல்ல நேரம் பாத்து லைட்ட அணைச்சுட்டியே! வீடியோல பிள்ள மொகமே விழல. ஆண்டு விழாவுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதோம்."

கோதை பக்கத்தில்தான் நின்றாள். குனிந்து சலங்கையை அவிழ்க்கத் தொடங்கினாள். நானே சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால், அவ்வளவு பாடுபட்டு மறைத்தது எதற்கு?

"ஒயரு லூசாயிட்டு சார்" என்றேன்.

நான் எட்டு வருடம் ஆடக் கற்றுக்கொண்டது இந்தப் பேச்சு வாங்கத்தானா என்று தூத்துக்குடி வரும் வரை பஸ்ஸில் ஒரே எரிச்சல். அந்தப் பெண் மேலும்தான்.

சற்றுமுன் அவளிடமிருந்து வார் அவிழ்ந்த இடத்தின் வீடியோ மட்டும் வந்தது. கூடவே ஒரு வரி: "அக்கா, பத்து தடவ பாத்துட்டேன். ஒண்ணுமே தெரியல."

நானும் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. நல்ல இருட்டு.