குட்டிக்கு என்ன போடுவது

தை 5, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. மகள் பவி விலங்குக் காப்பகத்திலிருந்து நாய்க்குட்டியைக் கொண்டுவந்து மூன்று நாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, காலையில் போனால் இரவுதான். குட்டி என் காலடியில்.

இதுவரை போட்டது:
தயிர்சாதம் – வாந்தி.
பால் – வயிற்றுப்போக்கு. சாமி அலமாரிக்கு நேர் எதிரே.
சோயா உருண்டை – முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறேன். அதுவரை வீட்டுக்குள் கவுச்சி கூடாது. பவிக்குத் தெரியும். தெரிந்தும் கொண்டுவந்தாள்.

பூசத்தன்றே காப்பகத்தார் வந்து எடை பார்ப்பார்களாம். ஏறாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரர், நல்லதாப் போச்சு, விடு என்கிறார். நல்லதுதான். ஆனால் விடியற்காலை விளக்கேற்றும்போது எழுந்து வந்து பக்கத்தில் உட்காருகிறது. இந்த வீட்டில் வேறு யாரும் அந்நேரம் எழுவதில்லை.

தை 6, செவ்வாய்

கிளினிக். காத்திருந்தே முதுகு போய்விட்டது. டாக்டர் சின்னப் பெண். குட்டிக்கு வயிறு கெட்டிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு அவித்த கோழி, குழைந்த சோறு. உப்பு, வெங்காயம், பூண்டு ஆகாது. பிறகு குட்டிகளுக்கான பிஸ்கட், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து. விரதம் என்று சொன்னேன். விரதம் உங்களுக்குத்தானே ஆன்டி, அதுக்கு இல்லையே என்றாள். கோபம்கூட வரவில்லை. அசதி.

எடை 3 கி. 200.
கிளினிக் 78 வெள்ளி. இந்த மாதம் புதுச் சேலை இல்லை.

தை 7, புதன்

வெயில். அவர் கீழே காப்பிக்கடையில் சிக்கன் ரைஸ் வாங்கி, படிக்கட்டில் வைத்தே குட்டிக்கு ஊட்டியிருக்கிறார். எல்லாம் உப்பும் பூண்டும். மறுபடி வயிற்றுப்போக்கு; சாயங்காலத்துக்குள் வீடு முழுக்கத் துடைத்தாயிற்று. பாவமா இருந்துச்சு, அதான் என்றார். விடு என்று சொன்ன மனிதர்.

குட்டிக்கு விலா எலும்பு கையில் படுகிறது. முருகா.

தை 8, வியாழன்

எதிர்வீட்டு ஆயிஷா அக்கா, குட்டி வந்ததிலிருந்து அவர்கள் வீட்டுக் கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுகிறார். இன்று எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன்.

"கோழிதானே? நான் அவிச்சுத் தரேன்லா."

நாய்க்காச்சே அக்கா என்றேன்.

"வாயில்லா ஜீவனுக்குப் போடுறது நன்மைதான் செல்வி. அது நக்குறதுதான் எனக்கு வேணாம். எங்க முறைப்படி ஏழு தடவை கழுவ இந்த இடுப்புக்கு முடியாது."

மாலை, நடைபாதை நடுவில் முக்காலி. அக்கா டப்பாவை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியபிறகு நான் குட்டியுடன் வெளியே. கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே ஊட்டினேன். முழுதும் தின்றது. உடனே தலைக்குக் குளித்தேன்.

வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லை. இங்கே நாய் வாய்பட்ட டப்பாவையே திருப்பக்கூடாது. வேறு கிண்ணத்தில் சுண்டல் கொடுத்தேன்.

தை 13, செவ்வாய்

தலைக்குக் குளித்துக் குளித்து ஜலதோஷம். வாந்தி இல்லை, போக்கு இல்லை (குட்டிக்கு). உப்பில்லாத கோழியை ஒரு வாய் தின்று பார்த்தாராம் அக்கா. இதைத் திங்கிறதுக்கு நானும் விரதமே இருந்துடுவேன் என்கிறார்.

தை 17, சனி

நாளை பூசத்தன்றும் பவிக்கு டியூட்டி. அவர் என் கூட நடக்க வேண்டும். எடை பார்க்க வருபவருக்கு யார் கதவு திறப்பது? சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார் அக்கா.

தை 18, ஞாயிறு. பூசம்

சிராங்கூன் சாலைக் கோயிலில் புறப்படும்போது தூறல். டோபி காட் தாண்டியதும் கால் எரிய ஆரம்பித்தது. தலையில் குடம். அவருடைய போனில் அக்காவின் குரல் செய்தி. நடந்தபடியே என் காதோரம் பிடித்தார்.

"செல்வி, மூணு கிலோ தொள்ளாயிரம். எடுத்துட்டுப் போகல. வந்த பொண்ணு கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுச்சு. உன் புள்ள என் காலை நக்க வந்தான், நான் நாற்காலி மேல ஏறிட்டேன். நீ பாலைச் சிந்தாம தூக்கு."

பிறகு டேங்க் ரோடு முருகன் கோயில், அபிஷேகம், கூட்டம். சரியாக நினைவில்லை.

வீடு திரும்ப மணி நான்கு. பிளாஸ்டிக் நாற்காலி இன்னும் எங்கள் வாசலிலேயே. அடியில் குட்டி தூங்குகிறது. நாளை எடுத்து வைக்கலாம்.